மூக்கால் சொல்ல வேண்டிய சொல்

என் செல்ல வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆனால் நீ என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய், தையல் காய்ந்ததா என்பதெல்லாம் உன் பிரெஞ்சு மாமியார் அனுப்பும் படங்கள் வழியாக முன்பே வந்து சேர்ந்துவிடுகிறது, கேட்பதற்கு எனக்கென்று எதுவும் மிச்சமில்லை. போனில் பேசாமல் எதற்கு இத்தனை பெரிய கடிதம் என்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், குடல்வால் எடுத்த வயிறு, சிரித்தால் இழுக்கும். இது வந்து சேர்வதற்குள் ஆறியிருக்கும், அப்போது சிரித்துக்கொள். தவிர, இப்போதெல்லாம் உன் போனை எடுப்பது நீ இல்லையே. அப்பாவுக்குக் காலை ஷிப்டு மாறியிருக்கிறது, சாயங்காலம் சீக்கிரம் வந்து சமையலறையில் எனக்குக் கைகொடுக்கிறார், வெங்காயத்தைக் கட்டை விரல் தடிமனுக்கு நறுக்கி வைத்துவிட்டு எப்படி என்று பார்க்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீடியோவில் பேசினோமே, அப்போது சம்பந்தியம்மா மூக்கைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார், நீ அவர் தோளில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாய், மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார், ஒன்றும் புரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். என்னடி சொல்றாங்க என்று கேட்டதற்கு, ஒண்ணுமில்லம்மா நான் ரோன்ஃப்ள் பண்றேனாம், அப்புறம் சொல்றேன் என்றாய். அந்த அப்புறம் வரவே இல்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று என் பெண்ணிடம் இருக்கிறது, அது இன்னொருத்தருக்குத் தெரிந்திருக்கிறது என்று ஒரு வாரம் பாத்திரங்களை எல்லாம் டங் டங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பயந்துபோய்த் தன் தட்டைத் தானே கழுவினார்.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஒரு பிரெஞ்சு வாத்தியார் வருவார், கல்லூரியில் சொல்லித்தருகிறவர். கண்ணாடியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார், மாதத்துக்கு ஒரு முறையாவது கண்ணாடியின் காலை நிமிர்த்தித் திருகு போட வேண்டும். அப்படி வந்தபோது கேட்டேன். அவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். மதிய நேரம், முதலாளி லென்ஸ் அலமாரிக்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் காட்டி, இதோ, இல் ரோன்ஃப்ள், அதாவது இவர் குறட்டை விடறார் என்றார். இவ்வளவுதானா. அடிப் பாவி, மூக்கில் சதை வளர்ந்து மூன்று வயதில் நீ விட்ட குறட்டைக்குக் காது கொடுத்து வளர்த்தவள் நான், என்னிடமே எனக்குப் புரியாத பாஷையில் அதைச் சொல்கிறார்கள்.

விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாத்தியார் கல்லாப் பெட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். பேசு, சாப்பிடு, நட என்று எல்லோரும் தொடங்குவார்களாம், நான் குறட்டையில் தொடங்கினேன். ரோன்ஃப்ளே என்பதுதான் வினைச்சொல், அதில் ரோன் என்பதை மூக்கால் சொல்ல வேண்டும், சொல்லும்போதே பாதிக் குறட்டை வந்துவிடும். நான் விட்டாலும் நீ விட்டாலும் அவள் விட்டாலும் எழுத்தில்தான் மாறுமாம், காதில் கேட்டால் ஒரே சத்தம். நாம் எல்லோரும் சேர்ந்து விட்டால் மட்டும் ரோன்ஃப்ளோன். முதலாளி ஒருநாள் கண் விழித்து, என்ன ரெண்டு பேரும் என்னைச் சுத்தி நின்னு மந்திரம் சொல்றீங்க என்று கேட்டார்.

அதற்குள்தான் உன் வயிற்றுவலி, அவசர ஆபரேஷன். நான் அங்கே வர விசா அனுமதி கிடைக்க இருபது நாள் ஆகும் என்றார்கள். நீ வீடு திரும்பிய மறுநாள் மதியம் கடையிலிருந்தே கூப்பிட்டேன், சம்பந்தியம்மாதான் எடுத்தார். என் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான், எல் ரோன்ஃப்ள், அவள் குறட்டை விடுகிறாளா என்று கேட்டேன். உய், உய், ஆமாம் ஆமாம், எல் ரோன்ஃப்ள் என்று சிரித்துக்கொண்டே போனை உன் பக்கத்தில் பிடித்தார். கேட்டேன் வாண்டு. இழுத்து, நடுவில் ஒரு தடவை நின்று, மறுபடி தொடங்கும் அதே குறட்டை. கையில் யாருடைய ஃபிரேமோ இருந்தது, அதில் சொட்டியதைத் துடைத்தேன். சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பாதிப் பொய். உன் கட்டிலருகே அவர் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியில் நானில்லையா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வயிறு எரிந்தது.

அதோடு விட்டாரா. எனக்குப் பிடிபட்ட அரைகுறையில், மயக்கம் தெளியும்போது நீ தமிழில் ஏதோ சொன்னாயாம், அதைக் காதில் விழுந்தபடி காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். தன்னி, அது என்ன என்று கேட்டார். ஓ என்றேன், அவர்கள் தண்ணீருக்கு ஓ என்றுதானே சொல்கிறார்கள். அடுத்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார், தல கோதி விதும்மா. நான்கு தடவை சொன்னாயாம், தனக்குப் புரியவில்லையே என்று மறுபடி மறுபடி படித்தார். எனக்குப் புரிந்தது. ரியேன் என்றேன். ஒன்றுமில்லை, சும்மா உளறல் என்ற மாதிரி. அந்த ஒன்றையாவது நான் வைத்துக்கொள்கிறேன் என்று தோன்றிவிட்டது.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன், பெரிதாக ஜெயித்துவிட்டு வந்தவள் மாதிரிதான் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். வலியில கேட்டிருக்காடி அவ, உன் கை அங்க எட்டாது, எட்டுற கையையும் தட்டி விட்டுட்டு வந்திருக்கியே என்றார். முப்பது வருஷத்தில் என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் வாத்தியார் வரும் நாள் இல்லை, நானே கல்லூரிக்குப் போய் வகுப்பு முடியும்வரை வாசலில் நின்றேன். நான் கொண்டுபோன, லென்ஸ் சுற்றும் தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தார், காரெஸே ஸே ஷ்வூ, அவள் தலைமுடியைக் கோதிவிடுங்கள். அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டேன். நேற்று ரியேன் என்றது தப்பு, அர்த்தம் இருக்கிறது என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு போதவில்லை, பார்தோன், பார்தோன் என்று இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தாளில் இருந்ததைப் படித்தேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது, போனை எங்கோ வைத்துவிட்டார், வைத்தவர் துண்டிக்க மறந்துவிட்டார். நானும் துண்டிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு உன் தூக்கக் குரல் வந்தது, ம்ம், அம்மா என்று.

யாரைச் சொன்னாய் என்று பதில் எழுதும்போது எழுது. வேண்டாம், எழுதாதே.

கனமான எதையும் தூக்காதே, மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடு. சம்பந்தியம்மா கைக்கு வலி வராமல் பார்த்துக்கொள், அவருக்கும் வயசாகிறது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். எனக்கு அனுமதி வந்துவிட்டது, அடுத்த மாதம் பதினான்காம் தேதி விமானம். நான் வந்த பிறகு அந்த நாற்காலி எனக்கு வேண்டும், அதை மட்டும் சம்பந்தியம்மாவிடம் இப்போதே சொல்லி வை.

ஆசிகளுடன்,
உன் அம்மா