எனி போடாத பதினைந்து நாள்

ஜூன் 4, புதன்
சாயப்பட்டறைச் செயலியை ஆண்ட்ராய்டுக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. ஐபோனுக்காக ஸ்விஃப்ட் மொழியில் இருக்கும் நிரலைக் கோட்லின் மொழியில் எழுத வேண்டும். முதலில் போவது அப்பா வேலை செய்யும் பட்டறைக்கு.

ஜூன் 5, வியாழன்
ஒரே இடத்தில் சிக்கல். தொட்டியில் நடக்கும் ஒவ்வொரு வேலையும் தனக்கு எந்த வகை மருந்து, அதாவது ரசாயனம், என்பதை ஸ்விஃப்டில் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. பருத்திக்குச் சோடா, பாலியஸ்டருக்கு ஆசிட், சாயம் உரிக்க ஹைட்ரோஸ். கோட்லினில் அந்த வசதி இல்லை. வகையை வெளியே எடுத்து ஜெனரிக்காக, அதாவது ஒவ்வொரு முறையும் வகையைச் சொல்லும்படி, எழுதினால், அதைத் தொடும் நிரலின் நாற்பது ஃபங்ஷனிலும் வகையை எழுத வேண்டும்.

ஜூன் 7, சனி
எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி முதலாளி சுரேந்தர் வந்து பார்த்தார். "மருந்து வகைக்கு எனின்னு போட்டுட்டா ஓடுமில்லீங்க? திங்கக்கெழம குடுத்தாகோணும்ங்க."
போட்டுப் பார்த்தேன். ஓடியது. எனி என்றால் ‘எதுவானாலும்’; எந்த மருந்தையும் ஏற்கும். வேண்டுமென்றே சாயம் உரிக்கும் தொட்டிக்கு ஆசிட் கொடுத்தேன் — ஒரு எச்சரிக்கைகூட இல்லை. திரையில் பச்சை டிக்!
போன வருஷம் ஹைட்ரோஸ் தொட்டியில் யாரோ ஆசிட் ஊற்றிக் கிளம்பிய விஷப்புகையில்தான் அப்பா நான்கு நாள் மூச்சு விட முடியாமல் கிடந்தார். இதை நான் கொடுப்பேனா? மாட்டேன்.

ஜூன் 9, திங்கள்
சுரேந்தரிடம் அந்தப் பச்சை டிக்கைக் காட்டினேன். "யாருங்க அப்படித் தப்பாத் தேர்ந்தெடுப்பாங்க?" என்றார்.
"எங்கப்பாவே எடுப்பாரு சார். அவருக்கு வாசிக்கத் தெரியாது, படத்தப் பாத்துத்தான் அமுக்குவாரு."
அவர் காலண்டரைப் பார்த்தார். "பத்து நாளுங்க. அதுக்கு மேல நான் பதில் சொல்ல முடியாதுங்க."

ஜூன் 12, வியாழன்
இருபத்தாறு ஃபங்ஷன் முடிந்தது. எல்லா வேலைகளையும் ஒரே பட்டியலில் போட்டதும் எதற்கு எந்த மருந்து வகை என்பது தொலைந்துவிடுகிறது. அழுகையா வருது. ஏன் இப்படிப் படுத்துது?

ஜூன் 14, சனி
கிடைத்தது! பட்டியலில் வேலையைத் தனியாகப் போடக் கூடாது. வேலையையும் அதன் மருந்தையும் சேர்த்தே ஒரு கிளாஸுக்குள், அதாவது நிரலில் ஒரு பெட்டிக்குள், வைத்து, அந்த ஜோடியைப் பட்டியலில் போட வேண்டும். வகை உள்ளேயே பத்திரமாக இருக்கும்; திரையிலும் அந்தத் தொட்டிக்கு உரிய மருந்தின் படம் மட்டுமே வரும்.

ஜூன் 16, திங்கள்
நாற்பதும் முடிந்தது. உரிக்கும் தொட்டிக்கு ஆசிட் எழுதினேன். நிரலைச் சரிபார்க்கும் கம்பைலரே சிவப்புக் கோடு போட்டு மறுத்தது. அந்தக் கோட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

ஜூன் 19, வியாழன்
பட்டறையில் செயலி ஓடுகிறது. மதியம் அப்பா போன் செய்தார்.
"ஏத்தா, சாய மாஸ்டர் வேணும்னே தப்பா அமுக்கச் சொன்னாரு. நானும் அமுக்கி அமுக்கிப் பாத்தேன். ஹைட்ரோஸ் தொட்டிக்கு ஆசிட் படம் வரவே மாட்டேங்குது. கெட்டுப்போச்சா?"
"இல்லப்பா. அது வராது."