வான்கோழிக்குப் போட்ட பூட்டு

நேற்று கொல்லையில் பட்டுப்போன கொய்யா மரத்தை வெட்டினார்கள். ஒரு கிளையை ஒடித்து வெந்நீர் அடுப்பில் வைத்திருக்கிறார்கள் போல. முதல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததும் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நீ வந்துவிட்டாய் என்றுதான் முதலில் தோன்றியது. நீ போய் இத்தனை வருஷம் ஆகிவிட்டது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

எனக்கு எழுத்து வராது, உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பன்றி விலா எலும்பு என்றதும் அவள் பேனா நின்றுவிட்டது. “ஸ்ரீரங்கத்துல உக்காந்துக்கிட்டு இதையெல்லாம் எழுதணுமா மாமா?” என்கிறாள். எழுதும்மா, நான் சாப்பிட்டதுதானே என்றேன்.

கொள்ளிடக் கரைப் பக்கம் என் விறகுக் கடை. நீ கைலாசபுரத்தில் கம்பெனி கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரன், வீடு பாலக்கரையில், மாதா கோயிலுக்குப் பின்னால். விறகு வாங்க வந்து, கடைசியில் என்னையே விறகு என்று கூப்பிட ஆரம்பித்தாய். என்னைப் பெற்றவர்கள் வைத்த பேர் உன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை.

ஊருக்குள் வெள்ளம் புகுந்த எழுபத்தேழில் உன் வீட்டுக் கிறிஸ்துமஸ் கெட்டுப்போனது. ஊரெங்கும் நனைந்த விறகு. அடுப்பு எரிவதற்குப் பதில் அழுதது. அண்டாவுக்குள் வைத்த வான்கோழி மேலே வெந்து, எலும்போரம் ரத்தமாக இருந்தது. அது போய் விழுந்தது யார் இலையில்? உன் தங்கை ஸ்டெல்லாவைக் கட்டிய பொன்மலை மாப்பிள்ளை இலையில். “ஊருக்கெல்லாம் சமைக்கிறவரு, எங்களுக்கு மட்டும் பச்சையாப் போடுறாரு” என்று சொல்லி எழுந்தவர் கையைக்கூடக் கழுவவில்லை. அதோடு ஸ்டெல்லாவின் வரவும் நின்றது. ஈஸ்டருக்கு இல்லை, மாதா திருவிழாவுக்கு இல்லை. பொன்மலை என்ன சீமையா? சைக்கிளில் போகிற தூரம். அந்தத் தூரத்தை உன்னால் ஒரு வருஷம் கடக்க முடியவில்லை.

மறு வருஷம் ஒருநாள் மூச்சிரைக்கக் கடைக்கு வந்தாய். “டேய் விறகு, கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் தகர டிரம்முக்குள்ள புகையிலயே கோழிய வேக வைக்கிறான்டா. பன்னி விலா எலும்பு பஞ்சு மாதிரி வருது!”

“புகையில வேகும்னா என் கண்ணு ரெண்டும் எப்பவோ வெந்திருக்கும், போடா” என்றேன்.

நீ சிரிக்கவில்லை. “இந்தக் கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளையக் கூப்பிட்டுட்டேன். ஃபாதரை வச்சு. கடைசித் தடவைன்னு மாப்பிள்ளை சொல்லி அனுப்பியிருக்காரு. இதுவும் பச்சையாப் போச்சுன்னா என் தங்கச்சி எனக்கு இல்ல.”

கடையைச் சாத்திவிட்டு உன்னோடு கிளம்பினேன். காந்தி மார்க்கெட்டில் ஒரு கடலை எண்ணெய் டிரம் வாங்கினோம். படுக்க வைத்து நெடுக்காக அறுத்து, மேல் பாதியை மூடியாக்கி, கீல் வைத்து, கால் வைத்து, புகை போக ஒரு குழாய், கட்டை போட ஓரத்தில் ஒரு சின்ன வாய். கட்டை என் பொறுப்பு. வேம்பு கசக்கும், புளி முரட்டுத்தனமாக எரியும். வெள்ளம் சாய்த்த கொய்யா மரங்கள் என் கடையில் ஒரு வருஷ வெயிலில் கிடந்தன. உன்னைக் கெடுத்த வெள்ளத்திடமிருந்தே கட்டையை வாங்கினோம்.

முதலில் ஒரு நாட்டுக்கோழியை வைத்துப் பார்த்தோம். உன் பெண்டாட்டி ரெஜினா திறந்து பார்த்தாள். எதிர்வீட்டு டெய்லர் திறந்து பார்த்தார். நீ திறந்தாய், நான் திறந்தேன். கரண்டியை விட்டுக் கிளறாமல் ஒரு சமையலுக்குப் பக்கத்தில் சும்மா நிற்க நமக்கெல்லாம் வருமா? சூடெல்லாம் ஓடிப்போய், கோழி வெளியே கறுப்பு, உள்ளே பச்சை. தலையில் கை வைத்து உட்கார்ந்தவன் திடீரென்று நிமிர்ந்தாய். “அந்த வெள்ளைக்காரன் குழாய்ப் புகை நூலா இளைக்கிற வரைக்கும் மூடியத் தொடவே விடலடா!”

அதனால்தான் கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்து தீ மூட்டியதும், வாசல் கதவுப் பூட்டைக் கழற்றி டிரம்முக்குப் போட்டாய். சாவியை என் வேட்டி முனையில் நீயே முடிந்தாய். “நான் அழுது கேட்டாலும் குடுக்காத.”

“வீட்டத் திறந்து போட்டுட்டுக் கோழிக்குப் பூட்டு! உள்ள இருக்கறது வான்கோழியா, கைதியா?” என்றாள் ரெஜினா.

மாப்பிள்ளை வந்தார். பின்னால் ஸ்டெல்லா, உன் முகத்தை நேராகப் பார்க்காமல். அவர் டிரம்மைச் சுற்றி வந்தார். “என்ன மச்சான், இந்த வருஷமும் ரத்தம்தானா? பூட்டி வேற வச்சிருக்கீங்க.”

“கொஞ்சம் உக்காருங்க மாப்பிள்ளை.”

வெயில் ஏறியது. அக்கம்பக்கத்து வீடுகளில் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டார்கள். மாப்பிள்ளை பொறுமை போய் எழுந்தார். “இப்பத் திறந்து காட்டுங்க. இல்லன்னா நாங்க கிளம்பறோம்.”

நீ என்னைப் பார்த்தாய். என் கை இடுப்புக்குப் போனது. நீ குழாயைப் பார்த்தாய். புகை இன்னும் மெலியவில்லை. “வேணாம்டா” என்றாய். அந்த ஒரு சொல்லைச் சொல்ல உனக்கு எவ்வளவு நெஞ்சு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

“ஸ்டெல்லா, எந்திரி” என்றார்.

அவள் எழுந்தாள். நேராக வந்து டிரம்முக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “நீங்க போறதுன்னா போங்க. நான் எங்கண்ணன் சமையலச் சாப்பிட்டுட்டுத்தான் வருவேன். பச்சையா இருந்தாலும் சாப்பிடுவேன்.”

தெருவே எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை நின்றார். போகவில்லை. காற்று திரும்பி, மிளகும் பூண்டும் கொய்யாப் புகையும் சேர்ந்து அவர் முகத்தில் அடித்ததை நான் பார்த்தேன். மெல்ல உட்கார்ந்தார்.

புகை நூலாக இளைத்தது. “இப்பக் குடுடா” என்றாய்.

மூடி திறந்தபோது டெய்லர் “யேசுவே” என்றார். வான்கோழி வெல்லப்பாகு நிறத்தில் மின்னியது. நீ தொடையைத் திருகினாய், கழன்று கையோடு வந்தது. வடிந்த சாறு தெளிந்த தண்ணீர். வான்கோழிக்குப் பக்கத்தில் வெந்திருந்த பன்றி விலா எலும்பை மாப்பிள்ளை இலையில் வைத்தாய். அவர் எலும்பைப் பிடித்து இழுத்தார். எலும்பு மட்டும் வந்தது, கறி இலையிலேயே கிடந்தது. தின்றார். இன்னொன்று தின்றார். இலையோரம் எலும்பு குவிய ஆரம்பித்தது.

ஸ்டெல்லா உன்னைப் பார்த்துக் கேட்டாள்: “அண்ணே, அவருக்கு இன்னும் கொஞ்சம் பச்சையா வைக்கவா?”

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அப்புறம் தெருவே சிரித்தது. நீ மட்டும் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாய், புகையாம்! போகும்போது மாப்பிள்ளை உன் தோளில் கை போட்டார். “மச்சான், அடுத்த வருஷம் சாவி என்கிட்ட இருக்கட்டும்.”

“அது விறகுகிட்டதான் இருக்கும்” என்றாய். ஜெயித்தவன் குரல் அது. இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கறி வாசனை போகக் காவிரியில் முங்கி எழுந்துதான் அன்று கடைக்குப் போனேன். அப்படியும் விறகு வாங்க வந்த மாமி ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். “என்னடாப்பா, இன்னிக்கு உன் கட்டைல என்னமோ வாசனையா வரதே?” கொய்யாக் கட்டைங்க மாமி என்றேன். ஒரு கட்டு கூடுதலாக வாங்கிப்போனாள்.

டிரம் துருப்பிடித்து மூன்று தடவை மாறிவிட்டது. பூட்டு அதேதான். நீ போன பிறகு கிறிஸ்துமஸ் பொன்மலையில், ஸ்டெல்லா வீட்டு வாசலில். மாப்பிள்ளைக்கு இப்போது கைத்தடி. காலையிலிருந்து டிரம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். யாராவது மூடிப் பக்கம் கையை நீட்டினால் கைத்தடி உயர்கிறது. “கைய எடு! எங்க மச்சான் சொன்னது தெரியாது?”

வருஷா வருஷம் சாவியைக் கேட்கிறார். கொடுப்பேனா? என் அரைஞாண் கயிற்றில்தான் கிடக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கும் புகை நூலாக இளைத்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குழாயையே பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் காக்க வைத்தேன். பிறகு உன் குரலை எடுத்துக்கொண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: “இப்பக் குடுடா.”