எந்தப் பல் ஆடுகிறது?

பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தை வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

இங்கே ஒரு வேடிக்கை. பிள்ளைகள் தூங்கி வழியாமல் இருக்க வகுப்பில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறேன். நடு நாற்காலியில் உட்காருகிறவரை மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் விசாரித்து வந்து சொல்லியே ஆக வேண்டும். ஒரு நாள் என்னையே பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காத ஒரு சின்னவள் கையைத் தூக்கினாள். அவளுக்கு முன்பல் இல்லை.

"டீச்சர், உங்க பாப்பாவுக்கு இப்ப எந்தப் பல்லு ஆடுது?"

எனக்குத் தெரியவில்லை. வகுப்பே கைகொட்டிச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது தினமும் வாசலிலேயே மடக்குகிறாள். "கேட்டீங்களா டீச்சர்?" இத்தனை நாள் கழித்துப் பேசுகிறவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. போனில் கேட்டால் நீங்கள் "நல்லா இருக்கா" என்று முடித்துவிடுகிறீர்கள். நான் வேலைக்காக இந்த ஊருக்குக் கிளம்பி வந்ததிலிருந்து பாப்பா போனை வாங்குவதே இல்லை. வற்புறுத்தாதீர்கள், பேசாத பிள்ளையை வற்புறுத்தக் கூடாது என்று வகுப்பில் தினமும் பார்க்கிறேன். அவள் சிரிக்கும்போது கவனித்து, மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று மட்டும் எழுதுங்கள்.

மணி அடித்துவிட்டது. சின்னவள் வாசலில் நிற்பாள்.

பாப்பாவின் அம்மா