மிஸ் ஹெஸ்டரின் ஒரே வசனம்

ஸ்ட்ரெதம், லண்டன்
4 பெப்ரவரி 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் காதுக்குப் போன் சரிவராது, அதனால் இதையும் எழுதியே சொல்கிறேன். கோபிக்கக்கூடாது. ஏப்ரல் 18, உங்கள் கண் ஒப்பரேசன் அன்று, என்னால் அங்கே நிற்க ஏலாது.

நான் பராமரிக்கும் மிஸ் ஹெஸ்டர் அந்தக் காலத்து அமெரிக்கப் படங்களில் நடித்தவர். நாற்பது படம், எல்லாவற்றிலும் கதாநாயகியின் தோழி, இல்லையென்றால் தாதி. கல்யாணம் முடித்து லண்டன் வந்தவர். இப்போது தொண்ணூற்று மூன்று வயது, பிள்ளைகுட்டி இல்லை. அதே 18ஆம் திகதி இங்கே ஒரு தியேட்டரில் அவருடைய பழைய படத்தைப் போட்டு, அவரை மேடையேற்றப் போகிறார்கள். புது ஆட்களோடு அவர் வெளிக்கிடமாட்டார். ஒரு கிழமை பிந்தி வருகிறேன், அம்மா.

அன்பு மகள்
அனோஜினி

மன்னார்
26 பெப்ரவரி 2024

மகள் அனோஜினிக்கு,

மூட்டுவலியைத் தவிர மற்றெல்லாம் சுகம். உன் அப்பா போனபின் எனக்கென்று நான் கேட்டது இந்த ஒரு நாள்தான். கண்ணையும் கட்டிவிட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. கையைப் பிடிக்கவாவது நீ இருப்பாய் என்று நினைத்தேன். பரவாயில்லை, அடுத்த வீட்டு றீற்றா வருவாள்.

நீ றீற்றாவின் போனுக்கு அனுப்பிய அந்தப் பழைய படத்தைப் பார்த்தேன். எல்லாம் ஒரே புகை. கதாநாயகி அழ, பின்னால் அவளின் மேற்கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அவதானே? பாவம். ஞாயிறு பூசையில் அவவுக்காக மன்றாடப் பெயர் கொடுத்தேன். அவ்வளவு பழைய நடிகை என்றதும் இறந்தோர் பட்டியலில் சேர்த்து வாசித்துவிட்டார்கள். சொல்லிப்போடாதே.

அம்மா பிலோமினம்மா

ஸ்ட்ரெதம்
17 மார்ச் 2024

அன்புள்ள அம்மா,

சொல்லிவிட்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என்ர பேரை முழுசா வாசிச்சவையோ?" என்றுதான் கேட்டார். பாதிப் படங்களில் அவர் பெயரே போடவில்லையாம். பிறகு உங்கள் கடிதம் முழுவதையும் ஆங்கிலத்தில் சொல்லவைத்தார்.

கேட்டுவிட்டுத் தன் தாயைப் பற்றிச் சொன்னார். 1955இல் ஊரில் தாய் சாகக் கிடந்தபோது இவருக்குப் படப்பிடிப்பாம். ஒரேயொரு வசனம். அதைச் சொல்ல நின்றுவிட்டார். அன்றைக்கே தாய் போய்விட்டார். படம் வந்தபோது அந்த வசனத்தை வெட்டியிருந்தார்கள்.

"நீ போ பிள்ளை" என்று சொல்லி, தியேட்டருக்கும் தானே போன் எடுத்து வரமாட்டேன் என்றுவிட்டார். ஏப்ரல் 15 உங்களிடம் நிற்பேன். சந்தோசம்தான். ஆனால் மேடைக்கென்று அவர் வாங்கிய நீலச் சட்டையை அலுமாரியில் திரும்ப மாட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அனோஜினி

மன்னார்
2 ஏப்ரல் 2024

என் செல்ல மகளுக்கு,

தபால் பிந்துமென்று றீற்றா இதைப் படமெடுத்துப் போனில் அனுப்புகிறாள். டொக்டரிடம் திகதியை மாற்றிவிட்டேன். இனி யூனில்தானாம். "அதுக்குள்ள பார்வை இன்னும் குறையும் அம்மா" என்றார். "குறையட்டும் டொக்டர், நான் நடந்து பழகின வீடுதானே" என்றேன்.

உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. உடனே தியேட்டருக்குச் சொல், அவ வருவா என்று. தலையை வடிவாக வாரி இழுத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போ.

இன்னொன்றும் அவவிடம் சொல். அந்தத் தாய் அவவைக் கோபித்திருக்கமாட்டா. நானும் ஒரு தாய், எனக்குத் தெரியும்.

அம்மா