பிஸ்கட்டுக்கு ஒரு சுரங்கம்

மவுன்ட் ஐசா, ஆஸ்திரேலியா
6 அக்டோபர் 1996

அன்புள்ள கேலம் அண்ணாவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அப்பாவைப் போலச் சுரங்க வேலை வேண்டாம் என்று நீ மாட்டுப்பண்ணைக்குப் போனதிலிருந்து உன் பேரைக் கேட்டாலே அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். உனக்கு எழுதுவது தெரிந்தால் என்ன செய்வாரோ.

உன் உடும்பு பிஸ்கட் சரியாக இல்லை. கண்ணாடித் தொட்டியின் மூலையைப் பிறாண்டி, முட்டி முட்டி அதன் மூக்கில் ரத்தம். வெட்டுக்கிளியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "தேறலைன்னா உடும்பு வளர்க்க லைசென்ஸ் உள்ளவன் எவனுக்காவது குடுத்துடுவேன்டி" என்கிறார் அப்பா. அதற்கு என்னதான் வேண்டும்? பதிலைப் பக்கத்து வீட்டு டோரீன் அத்தை பேருக்குப் போடு.

டெஸ்

15 அக்டோபர்

டெஸ் குட்டிக்கு,

தபால் விமானம் இன்றுதான் வந்தது. பிஸ்கட்டுக்கு ஓட இடம் போதும், தோண்டத்தான் இடமில்லை. கொட்டகையில் கெட்டுப்போன ஃப்ரீசர் பெட்டி கிடக்கிறதே, அதன் மூடியைக் கழற்றி எறி. உன் கை முழங்கைக்கு மேல் புதையும்வரை மண் நிரப்பு. ஒரு ஓரத்தில் தட்டைக்கற்களை அடுக்கி மேலே விளக்கு. கல் தொட முடியாத சூட்டில் இருக்கட்டும். மறு ஓரம் நிழல். மேலே கம்பிவலை.

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லாதே.

கேலம்

27 அக்டோபர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். காய்ந்த ஆற்றிலிருந்து மணல் அள்ளிவந்து நிரப்பினேன். விட்டதுமே பிஸ்கட் தோண்ட ஆரம்பித்து வால்வரை உள்ளே போய்விட்டது. சட்டென்று மணல் சரிந்து துளை மூடிக்கொண்டது. நான் கத்திய கத்தலில் அப்பா ஓடிவந்தார். தோள்வரை கையை விட்டுத் துழாவி அதை வெளியே எடுத்தார். தும்மியது.

"காஞ்ச மணல்ல எவனாவது சுரங்கம் வெட்டுவானா? கூரை நிக்குமா? யாரு சொல்லிச் செஞ்ச?"

பொய் வரவில்லை. தலையணை உறைக்குள்ளிருந்த உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். வாசலில் நின்று படித்தார். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பிவந்தபோது வண்டி நிறையச் செம்மண். தண்ணீர் தெளித்துப் பிசைந்து என் கையில் ஒரு பிடி வைத்தார். "அமுக்கிப் பாரு. உருண்டையா நிக்கணும், தண்ணி சொட்டக் கூடாது." இருவருமாக அடுக்கடுக்காக மிதித்து நிரப்பினோம்.

மறுநாள் காலையில் இரண்டு துளை. அப்பா வேலைக்குப் போகிற தொப்பி விளக்கோடு பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "வர ஒரு வழி, போக ஒரு வழி. கெட்டிக்காரப் பய." பிஸ்கட் சூட்டுக்கல்லில் படுத்து வெட்டுக்கிளி தின்றது.

வலை மூடியும் தயார். கீல் மட்டும் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். "எந்தப் பக்கம் அடிக்கணும்னு உடும்புக்குச் சொந்தக்காரன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் மூடி மேல செங்கல்லை வை."

இன்று விளக்குப் போட்டுத்தான் எழுதுகிறேன். இருமல் பரவாயில்லை என்று எழுதச் சொன்னார்.

டெஸ்