கேள்வி கேட்டவளை வெளியே அனுப்பிய பிறகு

அன்பு மகன் ரோரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஆல்பர்ட்டா குளிரில் இருமல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மார்ச் முடியப்போகிறது, பனி விட்டபாடில்லை, விரிகுடா முழுக்க ஐஸ் அடைத்து நிற்கிறது. அப்பா ஷெட்டில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகளைப் பழுது பார்க்கிறார், முட்டி வலிக்கு டாக்டரிடம் போங்கள் என்றால் சீசன் முடியட்டும் என்கிறார், சீசன் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. போனில் பேசினால் நீ ஷிஃப்ட் முடிந்த களைப்பில் ம் ம் என்பாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். இந்தக் குளிர்காலம் எனக்கு எப்படிப் போனது என்று உனக்குச் சொல்லவே இல்லை. முழுக்கப் படி, நடுவில் வைத்துவிட்டுத் தூங்கிவிடாதே.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருட நர்சிங் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் பாடம் உனக்குத் தெரியும், யோசிக்கிறதுக்குக் கூடவா க்ளாஸ் எடுப்பாங்க என்று நீயே கிண்டல் செய்திருக்கிறாய். எடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. சொன்னதை எழுதி, எழுதியதை ஒப்பித்து, அதற்கே மார்க் வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். வார்டில் கட்டிலில் கிடக்கிறவர் புத்தகத்தில் இருக்கிற மாதிரி கிடப்பதில்லை. அதனால் செப்டம்பரிலிருந்து ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னேன், ஏன் என்று புரியாமல் எதையும் செய்யாதீர்கள், புரியாவிட்டால் கேளுங்கள் என்று. மற்றவர்கள் தலையாட்டினார்கள், ஷேலீன் பூத்ரோ என்று ஒரு பெண் மட்டும் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஷேட்டிக்காம்ப் ஊர்ப் பக்கத்துப் பெண், பெற்ற அப்பாவிடம்கூடச் சண்டை போடுகிற ரகம். முதல் வாரமே கையைத் தூக்கி, "கேளுங்க கேளுங்கன்னு நீங்க சொல்றதை மட்டும் நாங்க ஏன் கேக்காம ஒத்துக்கணும் மேடம்?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்கு அவளை அன்றே பிடித்துவிட்டது.

ஜனவரியில் அவர்களை ஆஸ்பத்திரி வார்டில் விட்டோம். அங்கே புற்றுநோய் முற்றிய ஒரு அம்மாள், பெயர் எழுதக்கூடாது, வலிக்கு மார்ஃபின் ஊசி. அளவைப் பார்த்ததும் ஷேலீன் நின்றுவிட்டாள். "இவ்வளவு குடுத்தா மூச்சே நின்னுடும்னு படிச்சிருக்கோம்," என்று வார்டு நர்ஸ் கொலீன் ஹர்லியிடம் சொல்லியிருக்கிறாள். கொலீன் இருபது வருஷமாக அந்த வார்டில் இருக்கிறவள், "படிச்சதை வீட்ல வெச்சுட்டு வா, டாக்டர் எழுதியிருக்கார்ல," என்றிருக்கிறாள். ஷேலீன் கையைக் கட்டிக்கொண்டு, புரியாமல் போட மாட்டேன் என்று நிற்க, அந்த நேரம் பார்த்து வேறு கட்டிலில் ஒருவருக்கு மூச்சு முட்டிவிட்டது. கொலீன் மருந்தை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, "நீயே டாக்டர்கிட்ட பேசிக்கோ," என்று ஓடிவிட்டாள். டாக்டர் போனை எடுக்கவில்லை. நான் கீழ் மாடியில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தேன். அரைமணி நேரம், ரோரி. அந்த அம்மாள் துடித்திருக்கிறார், அவர் மகள் நடைபாதைக்கு வந்து, "எங்கம்மா உள்ள கத்திட்டு இருக்காங்க, நீ போனைக் காதுல வெச்சுட்டு நிக்கிறியா!" என்று ஷேலீனைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். நான் மேலே வந்தபோது ஷேலீனுக்கு உதடெல்லாம் வெளுத்திருந்தது. நான் கொலீனைக் கூட்டிவந்து ஊசியைப் போடவைத்தேன். அளவு சரிதான். மாசக்கணக்காக மார்ஃபின் பழகின உடம்புக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. அவள் கேட்டது சரி, நினைத்தது தப்பு.

அந்த மகள் புகார் கொடுத்தாள், கொலீனும் கொடுத்தாள். எங்கள் துறைத் தலைவர் கீஹோ ஷேலீனை வார்டிலிருந்தும் வகுப்பிலிருந்தும் நிறுத்திவைத்தார், விசாரணைக்குப் பிறகு படிப்பைத் தொடரலாமா என்று பார்ப்போம் என்றார். நான் அவர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "ஒரு அம்மா அரைமணி நேரம் வலியில துடிச்சிருக்காங்க ரோடா. அதுக்கு நீ என்ன பேர் வைப்ப? சிந்தனையா?" என்றார். கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேனே தவிர, கேட்கிற நேரத்தில் நோயாளியை என்ன செய்வது, யாரைக் கேட்பது, பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் புலம்பினேன், அவர், "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கேள்வி கேக்கக் கத்துக்குடுக்கிற, நான் ராத்திரிக்கு என்ன சாப்பாடுன்னு ஒரு கேள்வி கேட்டா முறைக்கிற," என்றார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பில் நடந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஷேலீனின் நாற்காலி காலி. யாரும் வாயைத் திறப்பதில்லை, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். ஒருநாள் பார்த்துவிடலாம் என்று வேண்டுமென்றே ஒரு கணக்கைப் பலகையில் தப்பாகப் போட்டேன், குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு, பத்து மடங்கு கூட. யாராவது அய்யோ என்பார்கள் என்று நின்றேன். பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். இது தப்பு, இதைக் கொடுத்தால் குழந்தை செத்துப்போகும் என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் தலையைத் தூக்காமலேயே, "தெரியும் மேடம்," என்றாள். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கு வகுப்பை முடித்துவிட்டேன்.

பிப்ரவரி நடுவில் அது நடந்தது. டோபின் மார்ச்சண்ட் என்று ஒரு பையன், நல்ல உயரம், மெதுவாகப் பேசுவான், அவன் அம்மா மீன் தொழிற்சாலையில் வேலை. அவனுடைய நோயாளி சர்க்கரை வியாதிக்காரர், பக்கத்து ஊரில் படகு வைத்திருக்கிறவர், பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியும். காலைச் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு இன்சுலின் போட வேண்டும். ஆனால் அன்றைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அவரை வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லி, கதவில் அட்டை மாட்டியிருந்தார்கள், சாப்பாட்டுத் தட்டும் வரவில்லை. வார்டில் ஆள் பற்றாக்குறை, வேறொரு நர்ஸ் வந்து, சீக்கிரம் போட்டுவிடு என்று சொல்லி மருந்தின் அளவைப் பார்த்து, அவனும் பார்த்து, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள், அவன் ஊசியைப் போட்டுவிட்டான். அளவில் ஒரு குறையும் இல்லை. அந்த மனிதர் சாப்பிடப்போகிறாரா என்றுதான் யாரும் கேட்கவில்லை. நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனேன். படுத்திருக்கிறார், சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது, தொட்டால் ஐஸ் மாதிரி இருக்கிறது, கூப்பிட்டால் கண் மட்டும் உருளுகிறது. விரலைக் குத்திப் பார்த்தோம், சர்க்கரை இறங்கி எங்கேயோ கிடக்கிறது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். ஏறுகிறதா ஏறுகிறதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரம் எனக்கு ஒரு யுகம். கடைசியில் கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் என் மேல விழுந்து கெடக்கிறீங்க?" என்றார்.

டோபினைத் தனியாகக் கூட்டிப்போனேன். கதவில் இருந்த அட்டையைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றான். தட்டு வரவில்லை என்று தெரியுமா என்றேன். தெரியும் என்றான். "அப்புறம் ஏன்டா கேக்கல?" என்று கத்திவிட்டேன். அவன் என்னை நேராகப் பார்த்து, "ஷேலீன் கேட்டா மேடம். அவளை என்ன பண்ணீங்கன்னு நாங்க எல்லாரும் பாத்தோமே," என்றான். சொல்லிவிட்டு அழுதான், அவ்வளவு உயரப் பையன், தோள் குலுங்கக் குலுங்க.

ஷேலீன் விசாரணை மார்ச் முதல் வாரம். டோபின் இன்சுலின் ஊசி போட்டது ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருந்தது, நர்ஸ் சொல்லிப் போட்டது என்று அந்த நர்ஸும் ஒப்புக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் சாப்பிடப்போவதில்லை என்று டோபினுக்கு முன்பே தெரியும் என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கேட்டவளைத் தண்டித்ததைப் பார்த்துத்தான் அவன் பயந்து வாயை மூடினான் என்று நான் விசாரணையில் சொன்னால் ஷேலீன் பிழைப்பாள், அவன் படிப்பு போய்விடும். மேலிடத்தில் சொல்லாமல் இருக்கவும் கூடாது, நோயாளியின் உயிர் விஷயம். அவனிடமே போய், வெள்ளிக்கிழமைக்குள் நீ கீஹோவிடம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லியாக வேண்டும் என்றேன். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமைதான் விசாரணை. விசாரணை அறையில் ஷேலீனும் அவள் அப்பாவும் ஒருபக்கம், கொலீன் எதிர்ப்பக்கம், கீஹோவும் இரண்டு பேராசிரியர்களும் நடுவில். கீஹோ காகிதத்தை வாசிக்க ஆரம்பிக்கும்போது கதவைத் தட்டிவிட்டு டோபின் உள்ளே வந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. "அந்த இன்சுலின் ஊசி போட்டது நான். அவர் சாப்பிடப் போறதில்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாய மூடிட்டுப் போட்டேன். இவ இங்க ஒக்காந்திருக்கிற மாதிரி நான் ஒக்கார வேண்டாம்னு," என்றான். ஷேலீன் திரும்பி அவனைப் பார்த்தாள். கீஹோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இதை நீ சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றான் டோபின்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஷேலீனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளை மருந்தைப் போடாமல் நிறுத்தினால் உடனே வந்து நிற்க ஒவ்வொரு வார்டிலும் ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும் என்று நான் கேட்டதையும் கீஹோ ஒத்துக்கொண்டார். டோபினுக்கு இந்த வார்டுப் பயிற்சி செல்லாது, இலையுதிர் காலத்தில் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஒரு வருஷம் பின்னால் போய்விட்டான். அவன் அம்மா எனக்குப் போன் பண்ணி, "உண்மையச் சொன்னவனுக்கு இதுதான் கூலியா? பேசாம இருந்தவங்கெல்லாம் மேல போய்ட்டாங்களே!" என்று கேட்டாள். அவன் மட்டும் படிப்பை விட்டுப்போக மாட்டேன், திரும்ப வருவேன் என்று சொல்லியிருக்கிறான்.

போன செவ்வாய்க்கிழமை ஷேலீன் வார்டுக்குத் திரும்பினாள், கொலீனோடுதான். நான் கதவோரம் நின்றேன். முதல் நோயாளி, மாத்திரை வாங்கினாள், கொடுத்தாள். இரண்டாவது, கொடுத்தாள். வாயே திறக்கவில்லை. போச்சு, இவளையும் அடக்கிவிட்டோம் என்று நினைத்தேன். நான்காவது கட்டிலில் ஒரு கிழவர். ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள், "ஒரே நிமிஷம் தாத்தா, இங்கதான் இருக்கேன்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டே தலையைத் திருப்பி, "கொலீன், நேத்து இவருக்கு ரத்த அழுத்தம் ரொம்பக் கீழ இருந்துச்சே, இன்னைக்குப் பாத்தாச்சா?" என்றாள். குரல் நடுங்கியது. கொலீன் முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் போய்க் கருவியை எடுத்து வந்து பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு, குடு," என்றாள். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இப்போது உன் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். நீ வேலை செய்கிற இடத்தில் எண்ணெய்த் தொட்டிக்குள் சுத்தம் செய்ய இறங்குவதற்கு முன்னால் உள்ளே விஷவாயு இருக்கிறதா என்று பார்ப்பதையே விட்டுவிட்டார்கள், நேரம் ஆகிறதாம், கேட்டவனை அடுத்த முறை வேலைக்குக் கூப்பிடவில்லை, "நான் எதுக்கும்மா வாயத் தொறக்கணும்," என்றாய். நான் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. டோபினின் நோயாளியை நான் போய்ப் பார்த்தேன், உன்னை யார் வந்து பார்ப்பார்கள்? எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று கேட்டாயே, நான் உயிரோடு இருக்கிற காலம்வரை உன் குரலைக் கேட்க வேண்டும், அதற்குத்தான். சோதித்துக் காட்டச் சொல். காட்டாவிட்டால் இறங்காதே. மேஸ்திரி முறைப்பான், முறைக்கட்டும். வேலை போனால் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வா. இதை அப்பாவிடமும் சொன்னேன், அவர் கூண்டுக்கு வலை பின்னுவதை நிறுத்திவிட்டு, "அவன வரச் சொல்லு, கூண்டு தூக்க எனக்கும் ஆள் வேணும்," என்றார், அப்புறம் வெளியே போய் ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தார். உன் அறையில் அவருடைய கயிறும் மிதவையும் அடைந்து கிடக்கின்றன, ஒரு மத்தியானத்தில் எடுத்து ஒதுக்கிவிடுவேன்.

ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், நீ போகிற இடமெல்லாம் உன் மூச்சுக்குக் குறை வராமல் இருக்கட்டும். இதைப் படித்து முடித்ததும், அடுத்த ஷிஃப்டுக்கு முன்னால், எந்த நேரமானாலும் சரி, எனக்குப் போன் பண்ணு.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா ரோடா