வாத்து வேட்டைக் கூடாரம்

மார்ச் 8, ஞாயிறு

இவரை வேலையிடத்து நண்பர்கள் வாத்து வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாத்தின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் சின்னக் கூடாரம் ஒன்று வாங்க இன்று மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம்.

“உள்ளுக்குப் போய் இருந்து பாருமப்பா. நாரி நோகுதோ எண்டு சொல்லும்,” என்றார் இவர்.

உள்ளே சாய்ந்து உட்காரும் கதிரை இருந்தது, இடுப்பு நோகவில்லை. ஸிப்பை இழுத்து மூடினேன். அந்த அரை இருட்டில் யாரும் என்னைத் தொடவில்லை, எதுவும் கேட்கவில்லை. சுகமாக இருந்தது.

அப்போது வெளியே மகளின் குரல் கேட்டது. “அம்மாவைக் காணேல்லை.” பிறகு அழத் தொடங்கினாள். வலைத் துவாரத்தால் பார்த்தேன். கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். நான் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் என்று மட்டும் நினைத்தேன்.

இவர் ஓடிவந்து அவளைத் தூக்கிய பிறகுதான் வெளியே வந்தேன்.

“பிள்ளை இந்தக் கத்துக் கத்தினாள், உமக்குக் கேக்கேல்லையே?”

“இல்லையப்பா.”

“அப்ப நல்ல தடிப்பான துணிதான்,” என்று அதையே வாங்கிவிட்டார்.

கூடாரம் இப்போது கராஜில் இருக்கிறது. மகள் என் இடது சட்டைக்கையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். இன்னும் விடவில்லை. நானும் இழுக்காமல், மற்றக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.